திசை விரதமும் நம் அன்றாடப் பயணமும்

இல்லறத்தார்க்கு உரிய விரதங்கள் பன்னிரண்டு. அவற்றுள் அணுவிரதங்கள் ஐந்து, குணவிரதங்கள் மூன்று, சிக்ஷா விரதங்கள் நான்கு என்பதை நாம் அனைவரும் அறிவோம். கொல்லாமை முதல் பொருள் வரைதல் ஈறாக உள்ள அணுவிரதங்கள் ஐந்தையும் நம் இல்லத்துப் பிள்ளைகளும் தடையின்றிக் கூறுவர். ஆனால், குணவிரதங்களுள் முதலாவதாகிய திசை விரதம் யாது என வினவினால் பெரியவர்களும் சற்றே தயங்குகின்றனர். அது கடல் கடந்தும் காடு கடந்தும் வாணிகம் செய்த பழங்கால வணிகர்க்கு உரியது, பேருந்தும் ரயிலும் விமானமும் வந்துவிட்ட இக்காலத்திற்குப் பொருந்தாது என்னும் எண்ணம் நம்மிடையே பரவியுள்ளது.

அவ்வெண்ணம் சரியானதுதானா என்பதை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம். உலகம் வெப்பமடைந்து வருகிறது. மனிதர்தம் போக்குவரத்து அதற்குக் காரணமானவற்றுள் ஒன்று. பயணப் பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அறிஞர் பலரும் கூறுகின்றனர். எப்படி மாற்றுவது என்னும் வினாவிற்கு விடை தேடும்போது, எல்லை வகுத்துக்கொண்டு வாழும் பயிற்சி நம் கையிலேயே இருப்பதைக் காண்கிறோம்.

1. விரதத்தின் பொருள்

பத்துத் திசைகளிலும் இன்ன இடம் வரையே செல்வேன், அதற்கு அப்பால் செல்லேன் என வாழ்நாள் முழுமைக்கும் எல்லை வகுத்துக்கொள்வது திக்விரதம் என்னும் திசை விரதம். கடல், ஆறு, காடு, மலை, நாடு முதலிய எவரும் அறிந்த அடையாளங்களையும், யோசனைக் கணக்கையும் கொண்டு அவ்வெல்லையை வகுப்பர். அவ்வெல்லைக்குள்ளும், ஒரு நாள், ஒரு திங்கள், ஓராண்டு எனக் காலம் குறித்து, இந்த ஊர் வரை, இந்தத் தெரு வரை, இந்த வீடு வரை என மேலும் சுருக்கிக்கொள்வது தேசவிரதம். தத்துவார்த்த சூத்திரம் தேசவிரதத்தைக் குணவிரதங்களுள் வைக்கும். சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் அதனைச் சிக்ஷா விரதங்களுள் வைக்கும். வைப்பு முறை வேறுபடினும் கருத்து வேறுபடவில்லை.

இவ்விரதங்களின் பயன் யாது? மனிதன் செல்லும் இடமெல்லாம் அவனால் உயிர்களுக்கு இடையூறு நேர்கிறது. நடந்தால் சிற்றுயிர் நசுங்கும். வண்டி ஓட்டினால் இன்னும் மிகுதியாக நசுங்கும். சென்ற இடத்தில் பொருளாசையும் பெருகும். எல்லை வகுத்தவன், அவ்வெல்லைக்கு அப்பால் தன்னால் எத்தீங்கும் நேராதவாறு தடுத்துக்கொள்கிறான். ஆகவேதான், எல்லைக்கு அப்பாலுள்ள இடத்தைப் பொறுத்தவரை இல்லறத்தானின் சிறு விரதமும் துறவியின் மாவிரதத்திற்கு நிகராகும் எனச் சான்றோர் கூறினர்.

இவற்றோடு சேர்த்து எண்ண வேண்டியது அனர்த்ததண்ட விரதம். பயன் ஏதுமின்றிச் செய்யும் தீங்கைத் துறத்தல் என்பது அதன் பொருள். நிலத்தைத் தோண்டுதல், நீரைச் சிதறுதல், தீ மூட்டுதல், காற்றை அலைத்தல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றைக் காரணமின்றிச் செய்வது குற்றம் என்று அங்கே உரைக்கப்படுகிறது. அவ்வரிசையிலேயே, வீணே அலைதலும் பிறரை வீணே அலையச் செய்தலும் குற்றமாக எண்ணப்படுகின்றன. வீணே அலைதலை ஒரு குற்றமாக எண்ணிப் பார்க்கும் வழக்கம் இன்று நம்மிடம் உள்ளதா என்பதை ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

நம் முன்னோர் கரியமில வாயுவைக் கருதி இவ்விரதங்களை வகுத்தனர் என்று நாம் கூற வரவில்லை. அவ்வாறு கூறுதல் பொருந்தாது. அவர்கள் கருதியது வினைவரவைத் தடுத்தலும் உயிரோம்புதலுமே. ஆயினும், உயிரோம்புதலுக்கென வகுத்த ஒழுக்கம், உயிர்களுக்குப் புதியதொரு கேடு நேரும் காலத்தும் உதவுவது இயல்பே அன்றோ?

2. புதிய கேடு யாது?

கதிரவனின் ஒளி நிலத்தைச் சூடாக்குகிறது. சூடேறிய நிலம் அவ்வெப்பத்தை மீண்டும் வானுக்கு அனுப்புகிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவும் நீராவியும் அவ்வெப்பத்தில் ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்துகின்றன. இவ்வியல்பை 1859ஆம் ஆண்டில் ஜான் டிண்டால் என்னும் அறிஞர் சோதனை வாயிலாகக் காட்டினார். கரியமில வாயு மிகுந்தால் உலகின் வெப்பம் எவ்வளவு உயரும் என்பதை 1896ஆம் ஆண்டிலேயே சுவீடன் நாட்டு அறிஞர் அர்ரீனியஸ் கணக்கிட்டார். ஆகவே, இது நேற்றுத் தோன்றிய கருத்தன்று.

ஆலைத் தொழில் பெருகுவதற்கு முன், பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 280 பங்கு கரியமில வாயு இருந்தது. 1958ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது அது 315 பங்கை எட்டியிருந்தது. 2024ஆம் ஆண்டில் 420 பங்கையும் தாண்டிவிட்டது. அளவீடு தொடங்கிய காலம் முதல் மிகவும் வெப்பமான ஆண்டு அந்த 2024தான். ஆலைத் தொழிலுக்கு முந்தைய நிலையைக் காட்டிலும் அவ்வாண்டின் வெப்பம் ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உயர்ந்திருந்தது. வெப்ப உயர்வை இரண்டு டிகிரிக்கு மிகவும் குறைவாக நிறுத்துவது, இயன்றால் ஒன்றரை டிகிரிக்குள் அடக்குவது என்று 2015ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் உலக நாடுகள் உடன்பட்டன என்பதை இங்கு நினைவுகூர வேண்டும்.

ஒன்றரை டிகிரி என்பது சிறிய அளவுதானே எனச் சிலர் எண்ணலாம். காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். நீரை மிகுதியாகச் சுமக்கும் காற்று, பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. ஒரு மழையை மட்டும் காட்டி இது பருவநிலை மாற்றத்தின் விளைவே எனத் துணிந்து கூறலாகாது. ஆனால், இத்தகைய பெருமழைகள் மிகும் என்பது இயற்பியல் காட்டும் முடிவு. செய்யாறு, வந்தவாசி, செஞ்சிப் பகுதிகளில் நெல்லும் மணிலாவும் பயிரிடும் நம் உறவினர்க்கு, அறுவடைக் காலத்து மழை என்ன செய்யும் என்பதைப் பாடம் நடத்தி விளக்க வேண்டியதில்லை. வயலிலும் ஏரியிலும் வாழும் எண்ணற்ற ஓரறிவு, ஈரறிவு உயிர்களோ தம் துயரைச் சொல்ல நாவற்றவை.

3. உடன் செல்லும் அடுப்பு

உலகில் எரிபொருளை எரிப்பதால் வெளிவரும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போக்குவரத்தினால் உண்டாவது. எஞ்சியவை மின்நிலையம், தொழிற்சாலை, அடுப்பு முதலியவற்றைச் சேர்ந்தவை. எனவே பயணத்தை மாற்றினால் அனைத்தும் தீரும் என்று கூற இயலாது. ஆயினும், மின்நிலையத்தை நாம் நடத்தவில்லை. வண்டியின் சாவி நம் கையில் உள்ளது. ஆதலின் அதனை முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

பெட்ரோல் எஞ்சின் என்பது நாம் உடன் கொண்டு செல்லும் அடுப்பே. வெளியே தீ தெரியாததால் நாம் அதனை அடுப்பாகக் கருதுவதில்லை. நான்கு வீச்சு எஞ்சின் ஒன்று நிமிடத்திற்கு 4,000 சுற்றுச் சுற்றினால், அதன் ஒவ்வோர் உருளையிலும் நிமிடத்திற்கு 2,000 முறை தீ மூட்டப்படுகிறது. தீயையும் காற்றையும் உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு என நம்பும் நாம், பூசையறை விளக்கைக் கூடப் பூச்சி விழாதவாறு காக்கிறோம். சாலையில் ஓடும் இத்தீயைப் பற்றி மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ முக்கால் கிலோ. அதை எரித்தால் 2.3 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. முக்கால் கிலோ எரிந்து இரண்டே கால் கிலோவுக்கு மேல் ஆவது எங்ஙனம் என்று மாணவர் வினவுவர். பெட்ரோலில் உள்ள கரியின் அளவு ஏறத்தாழ 630 கிராம். எரியும்போது 12 பங்கு கரி, காற்றிலிருந்து 32 பங்கு பிராணவாயுவைப் பற்றிக்கொண்டு 44 பங்கு கரியமில வாயுவாகிறது. 630ஐ 44ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் விடை கிடைக்கும். டீசலாயின் லிட்டருக்கு 2.7 கிலோ அளவில் ஆகும். இதில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே வண்டியை நகர்த்தப் பயன்படும்; எஞ்சியது சூடாக வீணாகும்.

4. ஓர் ஆண்டுக் கணக்கு

வீட்டிலிருந்து 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அலுவலகத்திற்கு ஒருவர் ஆண்டில் 250 நாள் சென்று வருகிறார் எனக் கொள்வோம். நாளொன்றுக்கு 24 கிலோமீட்டர். ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர்.

அவர் தனியொருவராக, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் சென்றால் 400 லிட்டர் பெட்ரோல் செலவாகும். கரியமில வாயு 920 கிலோ.

அதே காரில் இருவர் சேர்ந்து சென்றால் ஒருவர் பங்கு 460 கிலோ.

லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டரில் சென்றால் ஏறத்தாழ 307 கிலோ.

லிட்டர் டீசலுக்கு 4 கிலோமீட்டர் ஓடும் பேருந்தில் 50 பேருடன் சென்றால் அவர் பங்கிற்கு 30 லிட்டர். கரியமில வாயு 81 கிலோ.

மிதிவண்டியில் சென்றால் எரிபொருட் கணக்கில் ஒன்றுமில்லை.

ஓர் இந்தியரின் பங்காகச் சராசரியாக ஓராண்டில் வெளிவரும் கரியமில வாயு, மின்சாரம், தொழிற்சாலை அனைத்தும் சேர்த்து, ஏறத்தாழ 2 டன். அலுவலகம் சென்று வரும் கார்ப் பயணம் ஒன்று மட்டுமே அதில் பாதியை நெருங்குவதைக் காண்க.

மின்சார வண்டி வாங்கினால் போதாதா என்பர் சிலர். நல்லதே. ஆனால் நம் நாட்டு மின்சாரத்தில் நான்கில் மூன்று பங்கு அளவு நிலக்கரியை எரித்துப் பெறப்படுவது. அதனால் மின்சார ஸ்கூட்டரின் பங்கு, பெட்ரோல் ஸ்கூட்டரின் பங்கில் ஏறத்தாழ பாதியாகக் குறையுமேயன்றி முற்றும் நீங்காது. வண்டியை மாற்றுவது ஒரு படி. பயணத்தைக் குறைப்பது அதற்கு முந்திய படி.

5. ஒரு நாடு தன் பழக்கத்தை மாற்றிய வரலாறு

பழக்கம் மாறுமா என்று ஐயுறுவோர்க்கு நெதர்லாந்து நாட்டின் வரலாறு தக்க விடை. மிதிவண்டிக்குப் பெயர் பெற்ற அந்நாடு எப்போதும் அவ்வாறே இருந்ததாகப் பலரும் எண்ணுகின்றனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்குச் செல்வம் பெருகியது, கார்கள் பெருகின, மிதிவண்டி ஓட்டுவோர் ஆண்டுதோறும் குறைந்தனர். கார்களுக்கு இடம் தேடி நகரங்களை இடித்து அகலச் சாலைகள் அமைத்தனர். 1971ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 3,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் சிறுவர், சிறுமியர்.

பெற்றோர் பொறுக்கவில்லை. 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்னும் பொருள்படும் பெயரில் ஓர் இயக்கம் தோன்றியது. தாய்மார் பிள்ளைகளோடு தெருவில் அமர்ந்தனர். அதே வேளையில், 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. 1973 நவம்பர் 4ஆம் நாள் முதல் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டலாகாது என அந்நாட்டு அரசு ஆணையிட்டது. பெருஞ்சாலைகளில் மக்கள் நடந்தனர், மிதிவண்டி ஓட்டினர், தங்கள் நகரம் எவ்வாறு இருக்கக்கூடும் என்பதைக் கண்ணாரக் கண்டனர்.

எண்ணெய் மீண்டும் வந்தபோது கார்களும் மீண்டும் வந்தன. ஆனால் மக்கள் கேட்டதை அரசு மறக்க இயலவில்லை. 1970களின் இடையில் ஹேக், தில்பர்க் நகரங்களில் மிதிவண்டிக்கென்றே தனிப் பாதைகள் அமைத்துச் சோதித்தனர். பிள்ளைகள் விளையாடவும் கார்கள் நடைவேகத்தில் செல்லவும் உரிய குடியிருப்புத் தெருக்களுக்கு 1976ஆம் ஆண்டில் சட்ட ஏற்பு அளித்தனர். பல ஆண்டுகள் படிப்படியாக வேலை நடந்தது. இன்று அந்நாட்டில் மேற்கொள்ளப்படும் பயணங்களுள் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்டது மிதிவண்டிப் பயணம்.

அந்நாடு சமவெளி, அங்கு வெயிலும் குறைவு. ஆகவே அதனை அப்படியே இங்குப் பெயர்த்து வைக்க இயலாது. நாம் கற்கத்தக்கவை இரண்டு. மக்களின் உறுதி முன்னே வந்தது. சாலை அமைப்பு பின்னே வந்தது. இரண்டும் கூடியபோதே பழக்கம் நிலைத்தது.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றுக் காலத்து ஊரடங்கினால் உலகின் கரியமில வாயு வெளியீடு ஏறத்தாழ 5 விழுக்காடு குறைந்தது. அடுத்த ஆண்டே பெரும்பாலும் பழைய நிலைக்கு ஏறிவிட்டது. கட்டாயத்தால் அடங்கியது, கட்டாயம் நீங்கியதும் எழுந்துவிட்டது. தானே விரும்பி ஏற்கும் விரதத்திற்கும் பிறர் இட்ட தடைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

6. நம் ஊர்ச் சாலைகள்

சென்னையில் 1895ஆம் ஆண்டு முதல் 1953ஆம் ஆண்டு வரை மின்சார டிராம் வண்டிகள் ஓடின. கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931ஆம் ஆண்டிலேயே மின்சார ரயில் வந்துவிட்டது. 1995இல் பறக்கும் ரயிலும் 2015இல் மெட்ரோ ரயிலும் தொடங்கின. 2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். ஆகவே, கூடிப் பயணம் செய்தல் நமக்குப் புதிதன்று.

குறை எங்குள்ளது? வீட்டிலிருந்து நிறுத்தம் வரை நடப்பதில் உள்ளது. எழுபது வயதைக் கடந்த நாம் ஜினாலயத்திற்கு அரைக் கல் தொலைவு நடக்க அஞ்சுவது முழங்கால் வலியினால் மட்டுமன்று. நடைபாதை என்று பெயர் பெற்ற இடத்தில் வண்டிகள் நிற்கின்றன; மின்பெட்டிகள் நிற்கின்றன; சில இடங்களில் மூடியில்லாப் பள்ளம் நிற்கிறது. 'நடங்கள்' என்று அறிவுரை கூறுவோர், நடக்கத்தக்க பாதையையும் கேட்டுப் பெற வேண்டும். தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில் 2019ஆம் ஆண்டில் அகன்ற நடைபாதை அமைந்த பின் அங்கு முதியோர் அச்சமின்றி உலவுவதைக் காண்கிறோம். அமைத்தால் நடப்பர் என்பதற்கு அது சான்று.

நீதி பற்றிய செய்தி ஒன்றும் உண்டு. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, விவசாயம் அல்லாத வேலைக்குச் செல்வோர் எதில் செல்கின்றனர் எனக் கேட்டது. இந்தியா முழுவதிலும் காரிலும் ஜீப்பிலும் வேனிலும் செல்வோர் நூற்றுக்கு ஏறத்தாழ மூவரே. கால்நடையாகச் செல்வோர் அவர்களைப் போலப் பல மடங்கினர். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணும், கட்டட வேலைக்குச் செல்லும் கொத்தனாரும், காய்கறிக் கூடை சுமப்பவரும் விரதத்தின் பெயர் அறியாமலே விரதிகளாக வாழ்கின்றனர். பெருமழையில் முதலில் நீர் புகுவதும் அவர்கள் குடிசையிலேயே. ஆதலின், பயணத்தைக் குறையுங்கள் என்னும் அறிவுரை அவர்களுக்கு உரியதன்று. கார் வைத்திருக்கும் வீடுகளுக்கு, அஃதாவது நம்மில் பலருக்கு, உரியது.

7. விரதத்தை ஏற்கும் முறை

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் பழமொழி. அளவு அறியாதவன் எல்லை வகுக்க இயலாது. எனவே முதலில் ஒரு திங்கள் பயணக் கணக்கு எழுதுவோம். பள்ளிக் குறிப்பேடு ஒன்று போதும். நாள், சென்ற இடம், தொலைவு, சென்ற வண்டி, உடன் சென்றோர், காரணம் என ஆறு பத்திகள். திங்கள் முடிவில் கூட்டிப் பார்த்தால் எவை தேவையான பயணம், எவை பழக்கத்தால் நேர்ந்த பயணம் என்பது தானே விளங்கும்.

அதன்பின் தேசவிரத முறையில் காலம் குறித்து எல்லை வகுக்கலாம். சான்றாகச் சில: ஒரு கிலோமீட்டருக்கு உட்பட்ட இடத்திற்கு, நோயும் சுமையும் இல்லாதபோது, எரிபொருள் வண்டியில் செல்வதில்லை. வாரத்தில் இரண்டு நாள் அலுவலகத்திற்குப் பேருந்திலோ ரயிலிலோ செல்வது. அஷ்டமி, சதுர்த்தசி நாட்களில் கார் எடுப்பதில்லை. மேல்சித்தாமூர்த் தேர்த் திருவிழாவிற்கும் உறவினர் திருமணத்திற்கும் வீட்டிற்கு ஒரு காராகச் செல்லாமல், தெருவிற்கு ஒரு பேருந்தாகச் செல்வது. ஒரே பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளை ஓய்வுபெற்ற பெரியவர் இருவர் கூட்டமாக நடத்தி அழைத்துச் செல்வது. நாம் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், பிள்ளைகள் இரண்டு கல் தொலைவும் கூட்டமாகவே நடந்து வந்தனர். வாய்பாட்டில் பாதியை வழியிலேயே ஒப்பித்து முடித்திருப்பர்.

விரதம் ஏற்பது எளிது, காப்பது அரிது. அதனால்தான் ஒவ்வொரு விரதத்திற்கும் ஐந்து அதிசாரங்களை, அஃதாவது விரதத்திற்கு நேரும் ஊறுகளை, தத்துவார்த்த சூத்திரம் எடுத்துரைக்கிறது. அவற்றுள் சில, இக்காலத்தைக் கண்டே எழுதியனவோ என வியக்கத்தக்கவை.

க்ஷேத்திர விருத்தி என்பது திசை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்று. ஒரு திசையில் மிச்சம் பிடித்து மறு திசையில் எல்லையை நீட்டிக்கொள்வது அது. 'ஆண்டு முழுதும் பேருந்தில் சென்றோம். மிச்சமான பணத்தில் விமானம் ஏறி உல்லாசப் பயணம் செல்வோம்' என்பது இதன்பாற்படும். சென்னையிலிருந்து தில்லிக்கு ஒருமுறை பறந்தாலே ஒருவர் பங்கு 100 கிலோவுக்குக் குறையாது. அங்ஙனமாயின், பேருந்தில் சென்று பெற்ற நன்மையில் ஒரு பகுதி ஓரிரு பயணங்களிலேயே கரையும்.

எல்லையை மறந்துவிடுதல் மற்றோர் அதிசாரம். குறித்து வையாத எல்லை மறக்கப்படும். எனவேதான் குறிப்பேடு வேண்டும் என்கிறோம்.

தேசவிரதத்தின் அதிசாரங்களுள் முதலாவது ஆனயனம். எல்லைக்கு அப்பாலுள்ள பொருளைத் தன்னிடம் வரவழைத்தல். இரண்டாவது பிரேஷ்யப் பிரயோகம். தான் செல்லாமல் மற்றொருவரை ஏவி அனுப்புதல். இன்று நாம் வீட்டை விட்டு நகராமல் கைப்பேசியில் ஒரு கட்டுக் கொத்துமல்லியை வரவழைக்கிறோம். அதற்காக ஓர் இளைஞர் வெயிலிலும் மழையிலும் வண்டியை விரட்டி வருகிறார். அரை மணி கழித்து, மறந்துபோன எலுமிச்சம் பழத்திற்கு மற்றோர் இளைஞர் வருகிறார். 'நாங்கள் எங்கும் செல்வதில்லை' என்று நாம் பெருமை கொள்ள இயலுமா? அவ்வண்டியின் தீயும் நம் கணக்கிலேயே எழுதப்படும். நோயுற்றோர்க்கும் தனித்து வாழும் முதியோர்க்கும் இவ்வசதி பேருதவி என்பதை மறுக்கவில்லை. அவர்களும் வேண்டியவற்றைச் சேர்த்து ஒருமுறை வரவழைக்கலாம். ஏனையோர் கூப்பிடு தூரத்துக் கடைக்கு நடந்து செல்வதே விரதம் காக்கும் நெறி. வீட்டார் பயணக் கணக்கில், நமக்காகப் பிறர் வந்த பயணங்களுக்கும் ஏழாவதாக ஒரு பத்தி சேர்த்துக்கொள்க.

8. ஓர் ஐயமும் விடையும்

நூற்று நாற்பது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நாட்டில் ஒரு சிறு சமூகம் தன் பயணத்தைக் குறைத்தால் வானம் குளிர்ந்துவிடுமா? இவ்வினா நேர்மையான வினா. இதற்கு நேர்மையான விடையே தர வேண்டும். நம் எண்ணிக்கையால் மட்டும் குளிராது. மின்சாரம் நிலக்கரியை விட்டு நீங்க வேண்டும். பேருந்துகள் பெருக வேண்டும். நடைபாதைகள் வர வேண்டும். அவை அரசும் தொழில் துறையும் செய்ய வேண்டியவை.

ஆயினும் இரண்டு உண்மைகளை மறக்கலாகாது. பேருந்தில் ஏறுவோரே பேருந்து வேண்டும் என்று கேட்பர். நடப்போரே நடைபாதை வேண்டும் என்று கேட்பர். காருக்குள் இருப்பவர்க்கு அத்தேவை தோன்றாது. நெதர்லாந்தில் தெருவில் அமர்ந்தவர்கள் அத்தெருவில் பிள்ளைகளை நடக்கவிட்ட தாய்மாரே. மேலும், ஊரார் அனைவரும் கொல்லாமையை ஏற்ற பின் நாம் ஏற்போம் என்று நம்மவர் எக்காலத்தும் காத்திருந்ததில்லை. சிறுபான்மையராக இருந்துகொண்டே, விளக்கு வைக்கும் முன் உண்டு, நீரை வடிகட்டிப் பருகி, தலைமுறை தலைமுறையாக ஒழுக்கத்தைக் காத்தனர். எண்ணிக்கை பார்த்து ஏற்பது விரதம் ஆகாது.

அடுத்த நோன்புக் காலம் வருமுன் வீட்டிற்கு ஒரு பயணக் குறிப்பேடு தொடங்குவோமாக. அதனைப் பேரப் பிள்ளைகளின் கையில் கொடுத்து எழுதச் செய்வோமாக. இன்று எழுதும் அக்கணக்கின் பயனை நுகரப் போகிறவர்கள் அவர்களே.

பயிற்சி வினாக்கள்

1. திசை விரதத்திற்கும் தேசவிரதத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?

2. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்து 2.3 கிலோ கரியமில வாயு உண்டாவது எங்ஙனம்?

3. உங்கள் வீட்டில் ஒருவர் பணிக்கோ பள்ளிக்கோ சென்று வரும் ஓராண்டுத் தொலைவைக் கணக்கிடுக. அதனைப் பேருந்தில் சென்றால் எத்தனை கிலோ கரியமில வாயு குறையும்?

4. ஆனயனம், பிரேஷ்யப் பிரயோகம் ஆகியவற்றிற்குச் சென்ற வாரத்து வீட்டு நடப்பிலிருந்து ஒவ்வொரு சான்று தருக.

5. உங்கள் வீட்டிலிருந்து ஜினாலயம் வரை நடந்து செல்லத் தடையாக உள்ளவை யாவை? அவற்றைப் பட்டியலிட்டு, உங்கள் வட்டார உள்ளாட்சி அலுவலகத்திற்கு ஒரு விண்ணப்பம் வரைக.

அறம் வளர்க! அனைத்துயிரும் இன்புறுக!